முதலாண்டு சிஎஸ்: டெர்மினலில் முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

புதுவிசை:
எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறேன். கல்லூரி லேபில் உபுண்டு லினக்ஸ், வீட்டில் விண்டோஸ் 11 லேப்டாப். லேபில் சி புரோகிராம்களை டெர்மினல் வழியாகத்தான் கம்பைல் செய்யச் சொல்கிறார்கள். சீனியர் ஒருவர் நூறு கமாண்ட் உள்ள ஒரு பிடிஎஃப் கொடுத்து, "இதை மனப்பாடம் பண்ணிடு, போதும்" என்றார். படிக்கும்போது புரிகிறது, லேபில் உட்கார்ந்தால் எதை எப்போது அடிப்பது என்று தெரியவில்லை.

வீட்டில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு உபுண்டு வரவழைத்துவிட்டேன். நோட்பேடில் எழுதி டெஸ்க்டாப்பில் சேமித்த லேப்1.சி ஃபைலை "ஜிசிசி லேப்1.சி" என்று கம்பைல் செய்யப் பார்த்தால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வருகிறது. ஃபைல் டெஸ்க்டாப்பில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இது ஏன் என்று சொல்லுங்கள். அப்புறம், எதில் தொடங்கினால் டெர்மினல் பிடிபடும் என்றும் சொல்லுங்கள்.

ஆய்வக_உதவி:
அந்த பிடிஎஃபைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் தம்பி. நூறு கமாண்டும் தெரிந்திருந்தாலும் இந்த எர்ரர் வந்திருக்கும். டெர்மினல் இப்போது எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை, பிரச்சினை அவ்வளவுதான். கல்லூரி லேபில் முதல் மாதம் என்னைக் கூப்பிடும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இதே சிக்கல்தான்.

டெர்மினல் எப்போதும் ஏதாவது ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் ஜிசிசி அந்த ஃபோல்டரில் மட்டும்தான் தேடும், டெஸ்க்டாப்பை எட்டிப் பார்க்காது. எங்கே இருக்கிறோம் என்று கேட்க பிடபிள்யூடி. இங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ். வேறு இடத்துக்குப் போக சிடி. முதல் வாரத்துக்கு இந்த மூன்றும் போதும். எழுத்தெழுத்தாக, சின்ன எழுத்திலேயே அடியுங்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

உங்கள் உபுண்டு பெரும்பாலும் /ஹோம் என்பதற்குக் கீழே உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில்தான் திறந்திருக்கும். விண்டோஸின் சி டிரைவ் அதற்கு /எம்என்டி/சி என்று தெரியும். ஆகவே டெஸ்க்டாப்புக்கு வழி: /எம்என்டி/சி/யூசர்ஸ்/உங்கள் பெயர்/டெஸ்க்டாப். ஒன்டிரைவ் பேக்கப் ஓடினால் டெஸ்க்டாப் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும், அங்கேயும் பாருங்கள். முழு வழியையும் கையால் அடிக்காதீர்கள். இரண்டு மூன்று எழுத்து அடித்து டேப் விசையைத் தட்டுங்கள், மீதியை ஷெல்லே (நீங்கள் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்) நிரப்பும். நிரப்பவில்லை என்றால் இரண்டில் ஒன்று: அந்தப் பெயரில் அங்கே எதுவும் இல்லை, அல்லது அதே எழுத்துகளில் தொடங்குவது ஒன்றுக்கு மேல் இருக்கிறது. இன்னொரு முறை தட்டினால் இருப்பதையெல்லாம் காட்டும். வழி சரியா தவறா என்பது என்டர் தட்டும் முன்பே தெரிந்துவிடும். நான் டேப் தட்டச் சொல்வது வேகத்துக்காக இல்லை, இதற்காகத்தான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். டபிள்யூஎஸ்எல்லில் "எக்ஸ்ப்ளோரர்.எக்ஸ்இ ." என்று அடியுங்கள், கடைசியில் ஒரு இடைவெளியும் புள்ளியும் முக்கியம். டெர்மினல் இருக்கும் அதே ஃபோல்டர் விண்டோஸ் ஜன்னலாகத் திறக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டெர்மினலில் எம்கேடிஐஆர் கொடுத்து ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். ஜன்னலிலும் அது தோன்றும். இரண்டும் காட்டுவது ஒரே ஃபோல்டரைத்தான் என்பது புரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

புதுவிசை:
நன்றி சார். ஒன்டிரைவுக்குள்தான் இருந்தது, சிடி கொடுத்துப் போய்விட்டேன். ஆனால் ஜிசிசி மறுபடியும் அதே எர்ரரைத்தான் காட்டுகிறது. எல்எஸ் அடித்தால் "லேப்1.சி.டிஎக்ஸ்டி" என்று வருகிறது. விண்டோஸில் பார்த்தால் வெறும் லேப்1.சி தான்.

ஆய்வக_உதவி:
எல்எஸ் காட்டுவதுதான் உண்மையான பெயர். நோட்பேட் சேமிக்கும்போது டிஎக்ஸ்டி என்று சேர்த்துவிடும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்துக் காட்டும், அதனால் உங்கள் கண்ணுக்குப் படவில்லை. "எம்வி லேப்1.சி.டிஎக்ஸ்டி லேப்1.சி" என்று பெயரை மாற்றிவிட்டு கம்பைல் செய்யுங்கள். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷனைக் காட்டும் வசதியையும் இன்றே போட்டுவிடுங்கள்.

விஎஸ்_பயனர்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முதலாண்டு மாணவருக்கு லூப், ஃபங்ஷன், அர்ரே, பாயின்டர் என்று கற்க வேண்டியதே மலைபோல் இருக்கிறது. விஎஸ் கோட் எடிட்டரில் ரன் பட்டனைத் தட்டினால் புரோகிராம் ஓடுகிறது. லாஜிக் வராத நேரத்தில் ஃபோல்டர் வழி, டிஎக்ஸ்டி எக்ஸ்டென்ஷன் என்று ஒரு மாலை முழுக்கப் போனால் ஆர்வமே போய்விடும். என் வகுப்பில் இப்படிச் சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டெர்மினலை இரண்டாம் ஆண்டில் கற்றுக்கொள்ளலாமே? அண்ணா பல்கலையின் 2017 ரெகுலேஷனில்கூட நான்காம் செமஸ்டர் ஓஎஸ் லேபில்தான் முதல் பயிற்சியாக யூனிக்ஸ் கமாண்ட்கள் வந்தன.

கருந்திரை:
சோர்வைப் பற்றிச் சொன்னது நியாயம். முதல் சில வாரம் பட்டனிலேயே ஓட்டட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பட்டனைத் தட்டியதும் கீழே டெர்மினல் பகுதியில் ஒரு நீண்ட வரி ஓடுகிறதே, அதை ஒருமுறை நிறுத்திப் படித்துப் பாருங்கள். முதலில் சிடி, பிறகு ஜிசிசி, பிறகு புரோகிராமின் பெயர். நாம் கையால் அடிப்பதைத்தான் அதுவும் அடிக்கிறது. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலோ, இரண்டு ஃபைலைச் சேர்த்து கம்பைல் செய்ய வேண்டியிருந்தாலோ, கணித லைப்ரரிக்கு -எல்எம் சேர்க்க வேண்டியிருந்தாலோ பட்டன் கைவிட்டுவிடலாம். எதனால் கைவிட்டது என்று பார்க்க அந்த வரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் செமஸ்டர் என்பது என் பார்வையில் மிகவும் தாமதம். முதலாண்டு சி லேபிலேயே டெர்மினல் முன்னால் உட்கார வைத்துவிட்டு, அதை விளக்கும் வகுப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் இடைப்பட்ட காலத்தில் மாணவன் என்ன செய்வான்? பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான் அடிப்பான். இந்த இடைவெளி நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடியிலேயே 2020 ஜனவரியில் ஷெல், எடிட்டர், கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போன்றவற்றுக்கென்று தனியாக ஒரு குறும்பாடம் நடத்தினார்கள். மற்ற பாடங்கள் எதுவும் இவற்றை உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் காரணம். வீடியோக்களை இலவசமாகவே பார்க்கலாம்.

டெலிடைப்_காலம்:
புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டெர்மினல் ஏன் இவ்வளவு சுருக்கமாகவும் பேச்சில்லாமலும் இருக்கிறது?

லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது. அப்போது அவர்கள் முன்னால் திரை இல்லை. டெலிடைப் மாடல் 33 போன்ற தட்டச்சுப் பொறிகள்தான். அடிப்பதும் பதில் வருவதும் காகிதச் சுருளில், விநாடிக்கு 10 எழுத்து வேகத்தில். விசைகளையும் அழுத்தித்தான் அடிக்க வேண்டும். அப்படிப்பட்ட பொறியில் 'வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டது' என்று ஒவ்வொரு முறையும் அச்சடித்தால் வேலை நகராது. அதனால்தான் நகலெடுக்க சிபி, பெயரையோ இடத்தையோ மாற்ற எம்வி என்று இரண்டெழுத்துப் பெயர்கள். வேலை முடிந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போகும் வழக்கமும் அந்தச் சூழலில் வளர்ந்ததுதான்.

எனவே புதுவிசை, சிபி அடித்து எதுவும் வரவில்லை என்றால் வேலை நடந்துவிட்டது என்று பொருள். பதில் வரவில்லையே என்று மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் எல்எஸ் போட்டுப் பாருங்கள்.

புதுவிசை:
கம்பைல் ஆகிவிட்டது! டெலிடைப் ஐயா சொன்ன மாதிரி எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டது. எல்எஸ் போட்டால் ஏ.அவுட் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஆனால் ஏ.அவுட் என்று அடித்தால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". பிடபிள்யூடி பார்த்துவிட்டேன், சரியான ஃபோல்டரில்தான் இருக்கிறேன். இப்போது என்ன?

கருந்திரை:
நல்ல கேள்வி. இந்த எர்ரரும் முதலில் வந்த எர்ரரும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். எர்ரர் வந்ததும் முழு வரியையும் நிதானமாக வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதலாண்டில் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது மூன்றுதான்.

"நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" வந்தால் நீங்கள் கொடுத்த பெயரோ வழியோ தவறு. பிடபிள்யூடி, எல்எஸ் பாருங்கள்.

"பெர்மிஷன் டினைட்" என்றால் ஃபைல் இருக்கிறது, ஆனால் நீங்கள் செய்ய நினைப்பதற்கு அனுமதி இல்லை. "எல்எஸ் -எல்" போட்டால் வரியின் தொடக்கத்தில் ஆர், டபிள்யூ, எக்ஸ் என்று எழுத்துகள் வரும்: படிக்க, எழுத, ஓட்ட. நீங்களே எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுக்கு எக்ஸ் இருக்காது, "சிஹெச்மோட் +எக்ஸ்" கொடுத்தால் வரும். இந்த எர்ரர் வந்ததும் முன்னால் சூடூ (நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டும் கமாண்ட்) சேர்த்து அடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். யாருக்கு அனுமதி இல்லை, ஏன் இல்லை என்று பார்த்த பிறகுதான் சூடூ.

"கமாண்ட் நாட் ஃபவுண்ட்" மூன்றாவது. வெறும் பெயரை அடித்தால் ஷெல் நீங்கள் இருக்கும் ஃபோல்டரில் தேடுவதில்லை. பாத் என்ற ஒரு பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும்தான் தேடும். "எக்கோ $பாத்" என்று, பாத் மட்டும் பெரிய எழுத்தில் அடித்தால் அந்தப் பட்டியல் வரும். அதில் உங்கள் ஃபோல்டர் இல்லை, எனவே ஏ.அவுட் கிடைக்கவில்லை. "./ஏ.அவுட்" என்று அடியுங்கள். புள்ளி என்றால் இந்த ஃபோல்டர். இங்கே இருக்கும் ஏ.அவுட்டை ஓட்டு என்று நேரடியாகச் சொல்கிறீர்கள்.

இதை வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். பலர் பயன்படுத்தும் ஒரு கணினியில் யாரோ ஒருவர் பொது ஃபோல்டரில் எல்எஸ் என்ற பெயரில் தன் சொந்த புரோகிராமைப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? அங்கே போய் எல்எஸ் அடிப்பவர்கள் அதை ஓட்டிவிடக் கூடாது.

கம்பைல் செய்யும்போது இனி "ஜிசிசி -டபிள்யூஆல் லேப்1.சி -ஓ லேப்1" என்று கொடுங்கள். -டபிள்யூஆல் எச்சரிக்கைகளைக் காட்டும். -ஓ நீங்கள் விரும்பும் பெயரில் புரோகிராமை உண்டாக்கும்.

யாழ்_நிரலர்:
வணக்கம். அழிப்பது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். ஆர்எம் கொடுத்தால் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது, அப்படியே போய்விடும். பரீட்சை வாரத்தில் இப்படி வேலையை இழந்து அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

கூடுதலாக நடப்பது இடைவெளியால்தான். "ஆர்எம் லேப்*" என்றால் லேப் என்று தொடங்குபவை எல்லாம் அழியும். "ஆர்எம் லேப் *" என்று நடுவில் ஒரு இடைவெளி விழுந்தால் அந்தக் கோப்புறையில் கிடக்கிற கோப்புகள் அனைத்தும் போய்விடும். நட்சத்திரக் குறியை விரித்துப் பெயர்களாக மாற்றுவது ஷெல், ஆர்எம் அல்ல. ஆர்எம்முக்குப் போய்ச் சேர்வது பெயர்ப் பட்டியல் மட்டுமே, அதற்கு உங்கள் எண்ணம் தெரியாது. ஆகவே அழிக்க முன்பு அதே வரியை எல்எஸ்ஸுடன் அடித்துப் பாருங்கள். வருகிற பட்டியல் சரி என்றால் மேல்நோக்கு விசையை அழுத்தி எல்எஸ்ஸை ஆர்எம் ஆக மாற்றுங்கள். தொடக்க காலத்தில் "ஆர்எம் -ஐ" பாவித்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுத்தான் அழிக்கும்.

கோப்புப் பெயரில் இடைவெளி வைக்காமல் இருப்பதும் நல்லது. வைத்துவிட்டால் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷெல் அதை இரண்டு பெயர்களாக எடுத்துக்கொள்ளும்.

விஎஸ்_பயனர்:
கருந்திரை சொன்ன அந்த நீண்ட வரியைப் படித்துப் பார்த்தேன், உண்மைதான், சிடியும் ஜிசிசியும்தான் இருக்கின்றன. ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி. இப்போது ஏஐயிடம் "இதற்குக் கமாண்ட் சொல்" என்றால் உடனே தருகிறதே, அப்படியிருக்க இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமா?

ஆய்வக_உதவி:
கேட்கலாம், தவறில்லை. ஆனால் வந்ததை அப்படியே ஒட்டி என்டர் தட்டாதீர்கள். லேப் தேர்வில் ஏஐ இருக்காது. அதைவிடப் பெரிய காரணம், உங்கள் டெர்மினல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதே அதற்குப் பெரும்பாலும் தெரியாது. கமாண்ட் சரியாக இருந்து, இடம் தவறாக இருந்தால் கேடு உங்களுக்குத்தான்.

நான் மாணவர்களுக்குச் சொல்வது: ஏஐ கொடுத்த வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் மேன் பக்கத்தில் பார்த்துவிட்டு அடியுங்கள். "மேன் எல்எஸ்" என்றால் எல்எஸ் பற்றிய முழுக் கையேடு வரும். சாய்கோடு தட்டி ஒரு சொல்லை அடித்தால் அதைத் தேடும், 'என்' என்ற எழுத்தைத் தட்டினால் அடுத்த இடம், 'க்யூ' தட்டினால் வெளியே. முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. மேலே இருக்கும் சுருக்கத்தையும், நீங்கள் தேடி வந்த அந்த ஒரு ஆப்ஷனையும் படித்தால் போதும்.

சி படிப்பவர்களுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. "மேன் பிரிண்ட்எஃப்" என்று அடித்தால் ஷெல்லில் உள்ள பிரிண்ட்எஃப் கமாண்டின் பக்கம் வரும், அது நீங்கள் தேடுவது இல்லை. "மேன் 3 பிரிண்ட்எஃப்" என்று அடியுங்கள், சி ஃபங்ஷனின் பக்கம் வரும். கையேடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: 1 கமாண்ட்கள், 2 சிஸ்டம் கால்கள், 3 லைப்ரரி ஃபங்ஷன்கள். எந்த ஹெடர் ஃபைலைச் சேர்க்க வேண்டும், ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்பதெல்லாம் அங்கேயே இருக்கிறது, இணையமே தேவையில்லை. 3ஆம் பகுதி உங்கள் கணினியில் வரவில்லை என்றால் மேன்பேஜஸ்-டெவ் என்ற பேக்கேஜை நிறுவ வேண்டும்.

பைப்_பிரியர்:
என்னைக் கேட்டால் டெர்மினலை விரும்ப வைப்பது < > | என்ற மூன்று குறிகள்தான். நீங்கள் மார்க் கணக்கிடும் புரோகிராம் எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 20 பேரின் மார்க்கை ஸ்கேன்எஃப் கேட்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் 20 எண்ணையும் மறுபடி அடிப்பீர்களா? ஒருமுறை உள்ளீடு என்ற ஃபைலில் எழுதி வைத்துவிட்டு,

./லேப்1 < உள்ளீடு > விடை

என்று ஓட்டுங்கள். விசைப்பலகைக்குப் பதில் உள்ளீடு ஃபைல், திரைக்குப் பதில் விடை ஃபைல். உங்கள் புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். சரியான பதிலை இன்னொரு ஃபைலில் வைத்து "டிஃப் விடை சரி" என்றால் வேறுபடும் வரிகள் மட்டும் வரும், ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டும் ஒன்றே. ஆன்லைனில் புரோகிராமுக்கு மதிப்பெண் போடும் தளங்களும் ஏறக்குறைய இப்படித்தான் சோதிக்கின்றன. அதனால்தான் "மார்க் கொடுக்கவும்" என்று நீங்கள் அன்பாக அச்சடிக்கும் வரியும் விடைக்குள் போய், தவறு என்று வருகிறது. (ஃபைல் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும்.)

பைப் (இப்போது | குறி செய்யும் வேலை) யூனிக்ஸுக்குள் வந்தது 1973இல். ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக நேரே கோக்க வேண்டும் என்று பெல் லேப்ஸின் டக் மெக்கில்ராய் சில ஆண்டுகளாகவே வலியுறுத்தி வந்தார், கென் தாம்சன் செய்து முடித்தார். பயன் என்ன என்று ஒரு எடுத்துக்காட்டில் பாருங்கள். ஊர்கள் என்ற ஃபைலில் உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் எந்த ஊர் என்று வரிக்கு ஒன்றாக இருக்கிறது. எந்த ஊரிலிருந்து அதிகம் பேர்?

சார்ட் ஊர்கள் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர்

முதல் சார்ட் ஒரே ஊர்ப் பெயர்களை அடுத்தடுத்துக் கொண்டுவருகிறது. யூனிக் அடுத்தடுத்து வருபவற்றை மட்டும்தான் ஒன்றாக்கும், அதனால் சார்ட் முதலில் வர வேண்டும். -சி எண்ணிக்கையை முன்னால் போடும். கடைசி சார்ட் எண் வரிசையில், பெரியது மேலே வரும்படி அடுக்கும். இதையே சி மொழியில் எழுத ஒரு லேப் நேரம் முழுவதும் ஆகும். ஒவ்வொரு | வரைக்கும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள், நடுவில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. "சார்ட் ஊர்கள் > ஊர்கள்" என்று அதே ஃபைலுக்குள் எழுதாதீர்கள். > குறியைப் பார்த்ததும் ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்துவிட்டுத்தான் சார்ட்டைத் தொடங்கும். சார்ட்டுக்குப் படிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அதே ஃபைலில்தான் வேண்டும் என்றால் "சார்ட் -ஓ ஊர்கள் ஊர்கள்".

மேக்_பயனர்:
மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. மேலே சொன்னது ஏறக்குறைய எல்லாமே மேக் டெர்மினலிலும் ஓடும். 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து இயல்பான ஷெல் இசட்எஸ்ஹெச், லேபில் இருப்பது பேஷ். தொடக்கநிலையில் வித்தியாசம் அதிகம் தெரியாது. ஆனால் மேக்கின் வழக்கமான ஃபைல் அமைப்பு பெரிய, சின்ன எழுத்தை வேறுபடுத்தாது. ஸ்டாக் என்ற ஹெடரைப் பெரிய எழுத்தில் சேமித்து, இன்க்ளூடில் சின்ன எழுத்தில் எழுதினாலும் வீட்டில் கம்பைல் ஆகும். லேபில் உபுண்டு "நோ சச் ஃபைல்" என்று நிறுத்திவிடும்.

புதுவிசை:
மேன் 3 பகுதி இவ்வளவு நாளும் தெரியாமல் போயிற்றே, அருமை. உள்ளீடு, விடை, டிஃப் மூன்றையும் நாளை லேபில் செய்து பார்க்கிறேன். கடைசியாக இரண்டு சந்தேகம். எடிட்டர் பழக்கத்தில் டெர்மினலில் கண்ட்ரோல்-எஸ் தட்டினால் அப்படியே உறைந்துவிடுகிறது. இன்னொன்று, வைல் லூப் முடியாமல் ஓடியபோது பக்கத்து நண்பன் கண்ட்ரோல்-இசட் அழுத்தச் சொன்னான், நின்றுவிட்டது. ஆனால் டெர்மினலை மூட எக்ஸிட் அடித்தால் "தேர் ஆர் ஸ்டாப்டு ஜாப்ஸ்" என்று வருகிறது.

கருந்திரை:
கண்ட்ரோல்-எஸ் திரைக்கு வரும் வெளியீட்டை நிறுத்தி வைக்கும், டெலிடைப் காலத்துப் பழக்கம் இன்னும் இருக்கிறது. கண்ட்ரோல்-க்யூ தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஜன்னலை மூட வேண்டியதில்லை.

கண்ட்ரோல்-இசட் புரோகிராமை முடிக்காது, இடைநிறுத்தி மட்டும் வைக்கும். உங்கள் லூப் இன்னும் நினைவகத்தில் காத்துக்கொண்டிருக்கிறது, பேஷ் அதைத்தான் சொல்கிறது. "ஜாப்ஸ்" அடித்தால் எண்ணோடு பட்டியல் வரும். "எஃப்ஜி" அடித்தால் அது முன்னால் வந்து மறுபடி ஓடும், அப்போது கண்ட்ரோல்-சி கொடுங்கள், முடிந்துவிடும். அல்லது நேராக "கில் %1". இனி லூப் நிற்காமல் ஓடினால் முதலிலேயே கண்ட்ரோல்-சி. டெர்மினலில் எழுத்தை நகலெடுக்கக் கண்ட்ரோல்-ஷிப்ட்-சி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்கேன்எஃப் மேலும் மேலும் உள்ளீடு கேட்டுக்கொண்டிருக்கிறது, கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் புது வரியில் கண்ட்ரோல்-டி, உள்ளீடு முடிந்தது என்று அதற்குத் தெரியும். ஆனால் புரோகிராம் எதுவும் ஓடாதபோது அதையே தட்டினால் ஷெல் தனக்குத்தான் உள்ளீடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு வெளியேறிவிடும்.